388ஆம் பக்கம்

முதல் பாகத்துக்கு என்னிடம் மூன்று பிரதி.
மூன்றும் முதுகு ஒடிந்தவை.
நடுப் பாகம் ஒன்றே ஒன்று:
அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
அட்டை முழுக்க மணல்,
ஒரு மூலையில் கடுகளவு பெண்.

தேவகோட்டை ரஸ்தாவில் பேருந்து நிற்கிற இடத்துக்கு எதிரே
ஜெராக்ஸும் வாடகைப் புத்தகமும் என் பிழைப்பு.
நாளுக்கு மூன்று ரூபாய்.
அபிப்பிராயம் இலவசம்.

"மொதப் பாகத்துல கோட்டை கடலுக்குள்ள போச்சு,
பறவை பேசுச்சு, அண்ணனே தம்பிய வித்தான்.
இதுல என்ன நடக்குது?
அவ நடக்குறா. அம்புட்டுத்தான்"
என்றார் அரிசி மில் கணக்கர் சாத்தப்பன்,
இதைச் சொல்லவே புதுவயலிலிருந்து வண்டியோட்டி வந்தவர்.

உண்மைதான். நாகம் தூங்குகிறது.
இருநூறாம் பக்கத்தில் ஒரு முறை புரண்டு படுத்து
மறுபடியும் தூங்குகிறது.
வில்லனுக்குப் பல்வலி, நாற்பது பக்கத்துக்கு.

பாலிடெக்னிக் பையன் ஒருவன்
கிராஃப் தாளில் பாலைவனத்தை வரைந்து வந்தான்.
மூன்றாம் நாள் தாண்டிய கிணறு
ஏழாம் நாள் எப்படிக் கிழக்கே வரும்?
எனக்கென்ன தெரியும்.
"வழி தவறியிருப்பா தம்பி" என்றேன்.
"யாரு, எழுதுனவரா?" என்றான்.

தையல்கடை ரஹ்மத்நிஷாவுக்கு
அவள் குரல் போன பிறகுதான் அவளைப் பிடித்ததாம்.
கண்டக்டர் செங்கோலுக்கு
முதல் பாகம் கிடைக்காத நாளில் இதைக் கொடுத்தனுப்பினேன்.
"யாரு எவருன்னு ஒண்ணும் புரியல.
அவளுக்கும் புரியல. சரியாப்போச்சு" என்றார்.
முதல் பாகத்தை நீட்டினால் இன்றுவரை வாங்குவதில்லை.

ஒரு சனிக்கிழமை உமையாள் ஆச்சியும் சாத்தப்பனும்
என் மேசைமுன் மோதிக்கொண்டார்கள்.
"படம் எடுக்க வர்றவுக முகப்பை எடுக்குறாக, வளவை எடுக்குறாக.
ரெண்டாங்கட்டுல ஒருத்தரும் கேமராவ வச்சதில்ல.
ஊரே சாப்பிட்டது அங்கதான்."
"சாப்பாடு போட்டாச் சரிங்க ஆச்சி.
இவன் மணலயில்ல பரிமாறுறான்."

எல்லாரையும்விடக் கடுமை மங்களேஸ்வரி,
தேவகோட்டை அரசு ஆஸ்பத்திரி நர்ஸ்.
"எழுதுனவன் களைச்சுப்போய்ட்டான்.
பக்கத்தக் கூட்டி விலையக் கூட்டியிருக்கான்."
புத்தகத்தை மேசையில் போட்ட சத்தத்தில்
ஜெராக்ஸுக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தார்.

நான் எதுவும் சொல்லவில்லை. என் நோட்டு சொல்லும்.
பிடித்திருக்கிறது என்றவர்கள் ஒன்பது நாள், பதினோரு நாள்.
சாத்தப்பன் முப்பத்தெட்டு.
மங்களேஸ்வரி ஐம்பத்திரண்டு, மூன்று முறை புதுப்பித்து.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன்,
387ஆம் 388ஆம் பக்கங்கள் சேர்ந்த அந்த ஒரு தாள் இல்லை.
குதிரை சாகிற இடம்.
அதுவரை பெயரில்லாத குதிரைக்கு
அந்தப் பக்கத்தில்தான் ஊமைப்பெண் மணலில் பெயரெழுதுவாள்.
பின்னால் வந்த ஆறு பேர் பெயர் தெரியாமலே
குதிரையைத் தாண்டிப் போனார்கள்.
அதில் இரண்டு பேர் தாள் போனதையே அறியாமல்
"இழுவை" என்று மட்டும் சொன்னார்கள்.
வீட்டில் ஜெராக்ஸ் மெஷின் இருந்து என்ன,
படியெடுக்கத் தாள் வேண்டுமே.

தை மாதம், நைட் டூட்டி முடித்த முகத்தோடு
அவள் வந்தாள்.
எக்ஸ்ரே உறைக்குள் வைத்திருந்தாள், கசங்காமல்.
"நான்தான் கிழிச்சேன்."
ஏன் என்று கேட்கவில்லை.
"வார்டுல ஒருத்தருக்கு வாசிச்சுக் காட்டணும்னு" என்று தொடங்கி
அங்கேயே விட்டுவிட்டாள்.
"அபராதம் எவ்வளவு?"

கோந்து காய ஃபேனைக் குறைத்தேன்.
மேசையில் சென்னைப் பார்சல், இன்னும் பிரிக்காத மூன்றாம் பாகம்.
அதையே பார்த்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்:
"அந்தக் குதிரை இதுல வருதா?"

"செத்துப்போச்சேம்மா."

"தெரியும்ங்க.
வருதான்னு கேட்டேன்."