வரம்பு

எங்கள் நூலகத்துத் தட்டச்சு இயந்திரத்தில்
ஓர் எழுத்து தேய்ந்திருக்கும்.
அது விழும் இடத்தையெல்லாம் பேனாவால் நிரப்புவேன்.
நான் வக்கீல் இல்லை.
ஆர்கன்சா சிறைப்பண்ணையில் மண்வெட்டி பிடித்த கைதி.
ஒரு ஜூலை மாதம்
வெயிலுக்குச் சட்டம் மேல் என்று தோன்றிப்
புத்தகத்தைத் திறந்தவன்.

லவோன் பிக்கெட் எனக்கு அடுத்த வரிசை.
ஓர் அடகுக் கடை, ஒரு துப்பாக்கி,
அவன் அங்கே இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை இரவு:
பத்தொன்பது ஆண்டு.

தீர்ப்பு இறுதியாகிவிட்டது என்றது லிட்டில் ராக்.
"இறுதின்னா?"
"இனி யாரும் படிக்க மாட்டாங்க."

ஃபெடரல் நீதிமன்றத்துக்கு எழுதினோம்.
நாற்பது நாள் தாமதம் என்றார்கள்.
அந்த நாற்பது நாளும்
வெள்ளம் வந்து நூலகத்தைப் பூட்டியிருந்தார்கள்.
அதைச் சொல்லி மறுபடி எழுதினோம்.
இது இரண்டாவது மனு,
மேலே போய் அனுமதி வாங்கி வா.
செயின்ட் லூயிஸிலிருந்து வந்த தாளில் இரண்டே வரி.
அனுமதி இல்லை என்பதற்கு
இரண்டாவது வரி எதற்கு என்று
அன்றிரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாத் தாளிலும் ஒரு சொல் மட்டும் மாறவில்லை:
அதிகார வரம்பு.

நாங்கள் நெல் வயலில் வரம்பு கட்டுகிறவர்கள்.
ஒரு சாண் தள்ளிக் கட்டினால்
எந்தப் பாத்தி காயும் என்று தெரியும் எங்களுக்கு.
இவர்கள் கட்டியது வேறு மாதிரி.
லவோன் எங்கே போய் நின்றாலும்
அது அவன் காலுக்கு இந்தப் பக்கம் எழும்பும்.

மார்ச்சில் அவன் தண்டனை தீர்ந்தது.
ஒரு பை, ஒரு பஸ் டிக்கெட்.
ஒன்பதாம் நாள்
எர்லீன் ஸ்ட்ராட்டின் கதவைத் தட்டியிருக்கிறான்.
அன்று கல்லாவில் இருந்தவள்.
இன்று மூக்கில் பிராணவாயுக் குழாய்.
போலீஸ் நீட்டிய படத்தைத்தான் தொட்டேன்,
வந்தவன் முகத்தை நான் பார்க்கவேயில்லை
என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

இந்த முறை அவனே எழுதினான்.
என் பழைய மனுவை அருகில் வைத்துக்கொண்டு
அப்படியே பார்த்து எழுதியதாகக் கடிதம் போட்டான்.
நான் விட்ட பிழைகளைக்கூட விடவில்லையாம்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம்
தபால் காவலர் வாசலில் நின்று கூப்பிட்டார்.
"பிக்கெட்! கோர்ட் தபால்!"
மூன்று முறை.
முப்பத்தொன்றாம் கட்டிலில் இப்போது இருக்கும் பையன்
என்னைப் பார்த்தான்.
"போயிட்டானே" என்றேன்.

பிரிக்கக் கூடாது. பிரித்தார்.
வாயசைத்துப் படித்தார், பிறகு சத்தமாக:
மனுதாரர் காவலில் இல்லை.
காவலில் இல்லாதவரின் மனுவைக் கேட்க
இந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பு இல்லை.

உறையைத் திருப்பினார்.
கைதி எண், ஏழாம் கொட்டடி, கட்டில் முப்பத்தொன்று.
முகவரியையும் பார்த்து எழுதியிருக்கிறான், பாவி.

"ஆள் இங்கே இல்லைன்னு எழுதித் திருப்பி அனுப்பணும்"
என்றார்.
பேனா கேட்டார்.

கொடுத்தேன்.