தாமதத்துக்கான காரணம்

கடலை ஒட்டியே வந்த சாலை
மலைக்குள் புகுகிற இடத்தில் பிரேக்கை மிதித்தேன்.
சுரங்கப்பாதை முழுக்கப்
பனிமான்கள் படுத்திருந்தன.
ஹார்ன் அடித்தேன்.
ஒரே ஒரு காது அசைந்தது.

இரவு பதினொன்றரை. நல்ல வெயில்.
நார்வேயின் இந்த வடகோடியில்
கோடையில் சூரியன் மறையாதது வழக்கம்தான்,
அதில் குற்றமில்லை.
விருந்துக்கு வந்து கோட்டைக் கழற்றாத உறவினர்போல
ஓரமாக நின்றுவிட்டுப் போகும்.
இந்த வருஷம் அடுப்படிவரை வந்துவிட்டது.
முப்பத்திரண்டு டிகிரி. ஒன்பதாம் நாள்.

எங்கள் வீடுகள் குளிருக்காகக் கட்டியவை.
மூன்றடுக்குக் கண்ணாடி, சுவருக்குள் பஞ்சு.
உள்ளே வந்த சூடு வெளியே போகாது என்று
விற்றவன் உத்தரவாதம் தந்தான்.
சொன்ன சொல் தவறாத மனிதன்.

கூட்டுறவுக் கடையில் மின்விசிறி கேட்டால்
பனி வாரும் மண்வெட்டியைப்
பாதி விலைக்குத் தருகிறார்கள்.
என் மனைவி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்து
எதிரே நாற்காலி போட்டு
வரிக் கணக்கு எழுதுகிறாள்.

நீல்லாஸ் நாலு சக்கர பைக்கில் வந்து சேர்ந்தார்.
எல்லாம் அவருடைய மான்கள்.
எண்ணினார். மறுபடி எண்ணினார்.
"விரட்டலாம்," என்றார்.
"அந்த வளைவுவரை போகும். ஈ மொய்க்கும்.
இதே வழியில் திரும்பி வரும்.
நேற்று மூன்று குட்டிகள் வரவில்லை."
பிப்ரவரியில் பனிமேல் மழை பெய்து
தரையைக் கண்ணாடி போட்டுப் பூட்டிவிட்டதாம்:
பாசி அடியில், வாய் மேலே.
அதற்கே பாதி மந்தை போயிற்று.
பேருந்து நேரம் சொல்கிறவர்போலச் சொன்னார்.

நான் இன்ஜினை அணைத்தேன்.
என் வண்டியில் ஹீட்டர் மட்டும்தான்,
அதில் நான்கு வேகம்.
பயணிகள் ஒவ்வொருவராக இறங்கி
சுரங்கத்துக்குள் வந்து
சொட்டும் சுவரில் முதுகைச் சாய்த்தார்கள்.
மலையின் வயிற்றிலிருந்து
ஜில்லென்று ஒரு மூச்சு வந்தது.
யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

முதியோர் இல்லத்துச் செவிலி சுன்னிவா,
உறைந்த பட்டாணிப் பொட்டலங்களை
நோயாளிகளின் கக்கத்தில் வைப்பதாகச் சொன்னாள்.
"அப்புறம் அதைச் சமைக்கிறீர்களா?"
"கேட்காதே," என்றாள்.
சிரித்துவிட்டு, ஐந்தாம் அறை காலியாகிவிட்டது
என்றும் சொன்னாள்.

மீன் ஆலைக்குப் போகிற ரிமந்தாஸ் லித்துவேனியாக்காரன்.
அவன் தங்கை ஸ்பெயினில் பீச் பழம் பறிக்கிறாள்.
நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு
விடிவதற்குள் பறித்து முடிக்க வேண்டும்,
விடிந்தால் தோட்டம் வெயிலுக்குச் சொந்தம்.
"கொஞ்சம் இருட்டு பார்சல் அனுப்பச் சொல்," என்றேன்.
அவன் நிஜமாகவே செய்தி அனுப்பினான்.
சுரங்கத்துக்குள் சிக்னல் இல்லை,
போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒரு குட்டி எழுந்து வந்து
அவன் முழங்கையை நக்கியது.
"உப்பு," என்றார் நீல்லாஸ்.
அவன் கையை எடுக்கவில்லை.
நாக்கு போய்ப் போய் வந்தது.
இந்தக் கோடையில் எங்கள் வியர்வை
ஒருவருக்காவது பயன்பட்டது.

இரண்டு மணிக்குக் கடலிலிருந்து காற்று திரும்பியது.
முதலில் ஒரு கிழட்டுப் பெண்மான் எழுந்தது,
பிறகு கொம்பும் கொம்பும் உரசுகிற சத்தம்,
பிறகு சாலை.
சாணம்தான் மிச்சம். அதன்மேல் மெதுவாக ஓட்டினேன்.

படிவத்தில் ஒரு கட்டம் உண்டு:
தாமதத்துக்கான காரணம்.
பனிப்புயல், பனிச்சரிவு, வழுக்கல், படகு வரவில்லை.
டிக் போட ஏதுமில்லை.
ஓரத்தில் எழுதினேன்:
நிழலில் இடம் போதவில்லை.

காலையில் மேலாளர் கூப்பிட்டார்.
கையெழுத்து புரியவில்லையாம்.
படித்துக் காட்டினேன்.
அந்தப் பக்கம் பேச்சில்லை,
விர்ரென்று ஏதோ சுழல்கிற சத்தம் மட்டும்.

விசிறி எங்கே வாங்கினீர்கள்
என்று கேட்டேன்.