நிமிர்த்திப் பிடி

காக்கி புக்கிட்டில் இரண்டாம் மாடி,
பாட்டில் மூடி வார்க்கும் எந்திரம்.
பக்கவாட்டுப் பெட்டிக்குள் ஏழு உருளைகள்,
கட்டைவிரலைவிடச் சற்றே தடிமன்.
வெளியே எஃகு, உள்ளே பாதரசம்.
டொக்.
தண்ணீருக்கடியில் யாரோ கதவு தட்டுவதுபோல.
மூன்று நொடி கழித்து மறுபடி டொக்.

விஷயம் இவ்வளவுதான்.
சுருளில் மின்சாரம் ஏறினால்
ஒரு முளை பாதரசத்தில் முங்கும்.
முங்கிய அளவுக்குப் பாதரசம் உயர்ந்து
கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி
அந்தப் பக்கத்துப் பாதரசத்தைத் தொடும்.
சூடேற்றி எரியும்.
மின்சாரம் போனால் முளை மிதந்தெழும்,
விளிம்பு தெரியும், பிரிவு.

பொறி பறக்காமல் இல்லை.
ஆனால் பொறி பட்ட இடம்
அடுத்த நொடி அங்கே இல்லை.
செம்பு முனை அப்படியல்ல,
ஒவ்வொரு தொடுதலையும் வடுவாகச் சேர்த்துவைக்கும்,
கறுக்கும், குழியும்,
ஒருநாள் விடாமல் ஒட்டிக்கொள்ளும்.
(என் பெயர் செம்பியன். எனக்குத் தெரியும்.)

பத்தொன்பது வருஷம்.
கையடக்கக் கணிப்பானில் தட்டிப் பார்த்தேன்,
எட்டுக் கோடி முறைக்கும் மேல்.
ஒன்றுகூட மக்கர் செய்ததில்லை.

ஆனாலும் கழற்றச் சொல்லிவிட்டார்கள்.
மூடி வாங்கும் கம்பெனி கடிதம் எழுதியிருக்கிறதாம்,
பாதரசம் ஒரு துளியும் கூடாதாம்.
நியாயம்தான். மூச்சில் ஏறினால் அது விஷம்.
புதிதாக வந்தவை கறுப்புச் சதுரங்கள்.
அசைய ஒன்றுமில்லை, சத்தமில்லை,
முதுகில் வெப்பம் தணிக்க ஓர் அலுமினியச் சீப்பு.
மேற்பார்வையாளர் க்வெக்குக்குப் பிடித்துவிட்டது.
நான் சொன்னேன்,
'இது செத்தால் கையை விடாமல் சாகும், பாஸ்.
நாலாம் எந்திரத்தில் பார்த்தீர்களே,
நைலான் கருகி என் சாப்பாட்டுப் பொட்டலம்வரை நாறியது.'
'ஓகே லா, செம்' என்றார்.

சனிக்கிழமை. லாரியின் பின்தட்டு.
நானும் ரஃபிகுலும் எதிரெதிரே.
என் மடியில் ஒரு தட்டு, தட்டில் மணல்,
மணலில் ஏழும் நட்டபடி.
தட்டின் விளிம்பில் ஒட்டிய சீட்டில்
ஓர் அம்புக்குறி வானத்தைக் காட்டியது.
சாய்ந்தால் உள்ளே இரண்டும் கலந்துவிடும்.

தோ பாயோ வளைவில் லாரி சாய்ந்தது.
நாங்கள் சாய்ந்தோம், தட்டு சாய்ந்தது.
உள்ளே தொட்டுக்கொண்டிருக்கும் என்றேன்.
கம்பியில்லை, எந்திரமில்லை,
எரிய ஒன்றுமில்லாமல் ஏழும் எரிந்து அணைந்தன என்றேன்.
ரஃபிகுல் சிரிக்கவில்லை.
பையிலிருந்து மீட்டரை எடுத்து
ஓர் உருளையின் இரு முனைகளிலும் கவ்வவிட்டான்.

ஆடம் ரோடு தாண்டி, பீப்.
தடம் மாறினால் பீப்.
ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் சின்னதாய் ஒரு பீ.
நேர்ச்சாலையில் மௌனம்.
அடுத்த வளைவில் அடிக்கும் என்று அவன்,
அடிக்காது என்று நான்,
ஒரு காப்பி ஓ பந்தயம்.
ஜூரோங் வருவதற்குள் நான்கு கோப்பை தோற்றேன்.
தீவின் முழு நீளத்தையும்
கண்ணை மூடிக்கொண்டு கேட்டபடி போனோம்.

துவாஸில் கையுறை போட்ட ஒருவர்
தட்டை வாங்கினார். எடை பார்த்தார்.
அம்புக்குறியை அவர் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றாக உருவி
நீலப் பீப்பாயில் படுக்கவைத்தார்.
மீட்டரை நாங்கள் கழற்ற மறந்திருந்தோம்.
பீ என்று தொடங்கியது,
நிற்கவில்லை.
கையெழுத்துப் போடும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.
'என்ன அது, கெட்டுப்போச்சா?' என்றார்.
'இல்லை, சேர்ந்துபோச்சு' என்றேன்.
ரஃபிகுல் பீப்பாய்க்குள் கையைவிட்டுக்
கவ்விகளை எடுத்தான்.

திரும்பும்போது தட்டில் மணல்,
மணலில் ஏழு குழி.
புக்கிட் தீமாவில் எண்ணினேன், நான்கு.
தோ பாயோ வளைவில் லாரி சாய்ந்தது,
மணலும் சாய்ந்தது.
அதற்குப் பிறகு எண்ணவில்லை.
ரஃபிகுல் கேட்டான்,
காப்பி இன்றைக்கா, சம்பளம் வந்தா?