காலாண்டுக்குக் கால் சுற்று

அறுநூறு மீட்டர்.
சீனி ஆலையின் பின்வாசலிலிருந்து
பிறை ரயில் முற்றத்தின் மூன்றாம் தண்டவாளம் வரை.
முப்பத்தெட்டு வருடம் அது போன தூரம் அவ்வளவுதான்,
போய், வந்து, மறுபடி போய்.
எந்த ஊரின் பெயரும் அதன் நெற்றியில் ஏறியதில்லை.
எவரும் அதற்குக் கையசைத்ததில்லை.
பெட்டிகளைக் கோத்து
நெடுந்தூர வண்டியிடம் ஒப்படைத்துவிட்டு
கரும்புகை துப்பிக்கொண்டு திரும்பும்.

நான் உலோகம் காப்பவள்.
வேலைச் சீட்டில் அப்படித்தான் இருக்கிறது.
அம்மாவைக் கேட்டால் "துரு சுரண்டுறா" என்பாள்.
இரண்டும் சரி.

கதவோரம் காசளவு வட்டம் சுரண்டினேன்.
மேலே மஞ்சள். அடியில் காவி. அதனடியில் சாம்பல்.
ஒரு பச்சை, இன்னொரு பச்சை,
மிச்சமிருந்த படகுச் சாயத்தை
யாரோ கணக்கு முடிக்க அடித்த நீலம்,
கடைசியில் இரும்பை ஒட்டி ஈயச் சிவப்பு.
அருங்காட்சியகத்துப் புவான் ரொஹாயா கேட்டார்:
"இதில் உண்மையான நிறம் எது?"
ஏழு விரல் காட்டினேன்.
அவர் சிரிக்கவில்லை.
சிற்றேட்டில் ஏற்கெனவே பச்சை அச்சாகியிருந்தது.

ஓட்டுநர் நிற்கும் பலகைக்கடியில்
சீனி கல்லாகிக் கிடந்தது.
ஆலை மூடிப் பத்தொன்பது வருடம்.
எறும்புகளுக்கு யாரும் சொல்லவில்லை.
பகல் முறை, இரவு முறை என்று
வரிசையாக வேலைக்கு வந்துகொண்டிருந்தன.

கடற்காற்று தின்ற இடங்களுக்குத் தானிக் அமிலம்.
கடுக்காயின் துவர்ப்புதான், புட்டியில் வேறு பெயர்.
தூரிகை பட்ட இடமெல்லாம்
துரு கறுத்து மையானது.
தொட்டு எதையாவது எழுதலாம் போலிருந்தது.
கையுறையைக் கழற்றவில்லை.

ஒப்பந்தத்தின் ஒன்பதாம் விதி:
இந்த இஞ்சின் இனி ஒருபோதும் ஓடக் கூடாது.
காப்புறுதிக்காரர்களின் கவலை.
எப்படியும் இறுகித்தான் போயிருக்கும் என்றார்கள்.
பார்த்துவிடலாமே என்று பூன் தெய்க்
(முன்பு ஃபெரியில் மெக்கானிக்)
பெரிய சக்கரத்தின் துளையில் கடப்பாரையைச் செருகி
முழு உடம்பையும் சாய்த்தார்.

திரும்பியது.

உள்ளிருந்து ஒரு பெருமூச்சு.
இல்லை, பெருமூச்சு என்று எழுதக் கூடாது.
காற்று. வால்வு வழியே வந்த காற்று,
பழைய டீசல் வாடையோடு.
பூன் தெய்க் கடப்பாரையை விடாமல்
"ஹிடூப்" என்றார்.
மலாயில் இஞ்சின் ஓடுவதற்கும்
உயிரோடிருப்பதற்கும் ஒரே சொல்.
அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் எண்ணெய் ஊசிகள் ஆறையும் கழற்றினேன்.
எண் கட்டி, மெழுகுத் தாளில் சுற்றி,
ஒரு பிஸ்கட் டின்னில் அடுக்கினேன்.
படிவத்தில் "இயங்கும் நிலை" என்ற கட்டத்தில்
"இல்லை" என்று எழுதினேன்.
பொய்யில்லை. ஊசியில்லாமல் ஓடாது.
பராமரிப்புக் கட்டம் காலியாக இருந்தது. அதில்:
"மூன்று மாதத்துக்கு ஒருமுறை
கையால் கால் சுற்று திருப்புக.
ஒரே இடத்தில் அழுந்தித் தாங்கிகள் தேயாதிருக்க."
இதுவும் பொய்யில்லை.

விடிகாலை இரண்டு மணிக்குப் பாலத்தைக் கடந்தோம்.
தாழ்ந்த லோரியின் மேல் சங்கிலிகளுக்கு நடுவில் அது,
பின்னால் பூன் தெய்க்கின் வேனில் நான்.
இத்தனை வருடம் எதிரே விளக்குகளாய் மட்டும் தெரிந்த தீவுக்கு
ஒரு சக்கரமும் சுழலாமல் போய்க்கொண்டிருந்தது.
இருபுறமும் கடல்.
கண்ணாடியில் பிறை தேய்ந்தது, ஊர்தான்.

இப்போது பச்சை.
பலகையில் மூன்று மொழியில் விவரம்.
பிள்ளைகள் படியேறிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.
கதவோரத்துக் காசளவு வட்டத்தை மட்டும்
பூசாமல் விடச் சண்டை போட்டேன்.
விட்டிருக்கிறார்கள், கண்ணாடித் துண்டு ஒட்டி.

அருங்காட்சியகம் மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில்
நாங்கள் கடப்பாரையோடு வருகிறோம்.
இதுவரை ஐந்து முறை.
போன தடவை பூன் தெய்க்குக்கு முதுகுவலி.
தனியாகத் திருப்பினேன்.
கை தாங்காமல்
காலுக்குக் கொஞ்சம் கூடிவிட்டது.
குறிப்பேட்டில் அதையும் எழுதி வைத்தேன்.