வடக்கு மால்

பத்திரத்தில் இப்படித்தான் இருக்கிறது:
கிழக்கே ஓடை, தெற்கே பேரிக்காய்த் தோட்டம்,
மேற்கே வண்டிப்பாதை,
வடக்கே துரை கல்லறை.

கோர்ட் கமிஷனராக வந்த நான்
டேப்பைக் கல்லில் அழுத்திக்கொண்டு
சாவியால் பாசியைச் சுரண்டினேன்.
ஒபதியா விட்காம். வக்கீல்.
வெர்மான்ட் சட்டசபையில் இரண்டு தவணை.

மூன்றாவது தோற்றது கல்லில் இல்லை,
கொடைக்கானல் மிஷன் பங்களாவின் கடிதக் கட்டில் இருந்தது:
பதினோரு ஓட்டு.
ஓடிவந்த அடிமையைப் பிடித்துக்கொடுக்கும் சட்டத்துக்குக்
கை தூக்காததால் போனவை.

எழுபது வயதில், மகளைப் பார்க்க,
பெரியகுளத்திலிருந்து டோலியில் ஏறியிருக்கிறார்.
பாதி மலையில் இறக்கச் சொல்லி
சுமந்தவர்களின் பெயர் கேட்டு எழுதியிருக்கிறார்,
காதில் விழுந்தபடி:
சடய்ன், பெரிய கருபன், மொக்கய்.
நான்காமவர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்.
கூலி மூன்றணா, போதாது
என்று ஓரத்தில் ஒரு வரி.
பிறகு
மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டார்.

வாதி மொக்கராசு கேட்கிறார்:
"கல்லுக்கு இந்தப் பக்கமிருந்தா சார் அளக்கணும்,
அந்தப் பக்கமிருந்தா?"

அவர் வாழ்நாளெல்லாம் வாதாடியதும்
இதைத்தான் போல.

மஞ்சு இறங்கிவிட்டது.
டேப்பின் மறுமுனை தெரியவில்லை.
லேசாக இழுத்துப் பார்த்தேன்,
யாரோ பிடித்திருக்கிறார்கள்.