கோல் வாய்க்கு வைக்கல்

மைதானம் முழுக்கப் பச்சை.
நான் நிற்கிற இடம் மட்டும்
செம்மண் வழுக்கை.
மூன்று வருசமாய் விழுந்து விழுந்து
நானே வழித்தெடுத்தது.
என் முழங்கையில் கொஞ்சம் இருக்கிறது,
மீதி மல்லாவிக் காற்றில்.

கௌரிதரன் சேர்
கனடாவிலிருந்து வந்த பொதியை வெட்டினார்.
பக்கற்றில் ஒரு வீடு,
வீட்டுக்கு முன்னால் ஒருவரும் நடக்காத புல்.
"கொத்தி, தூவி, வைக்கல் போட்டு மூடட்டாம்.
மண் தெரியவும் வேணும்
தெரியவும் கூடாதாம்."

அது என்ன அளவு?
முழித்துக்கொண்டு நின்றோம்.
துஷிகா என் காதுக்குள் சொன்னாள்,
"சேரின்ர தலை மாதிரி."
அதற்குப் பிறகு
எல்லோர் கைக்கும் அளவு சரியாய் வந்தது.

வவுனிக்குளத்துக்குக் கீழே
வெட்டு மெசின் துப்பிவிட்டுப் போன
பெரும்போக வைக்கல்,
லான்ட்மாஸ்டரில் ஒரு பெட்டி.
காலை ஆறு வாளி, மாலை ஆறு வாளி.
சில்லைக் குருவிக்கு ஒருத்தி காவல்,
பட்டி மாட்டுக்கு இரண்டு பேர்.
மாடு விதையைத் தேடி வரவில்லை,
மூடியைத் தின்ன வந்தது.

ஆறாம் நாள்
ஊசி ஊசியாய்ப் பச்சை.
சேர் படம் எடுத்து அனுப்பினார்.
பனிக்குள்ளிருந்து பதில் வந்தது:
'சா! என்ன வடிவு.'

பத்தாம் நாள் குந்தியிருந்து
ஒரு தாளை மெல்ல விலக்கிப் பார்த்தேன்.
தண்டைப் பிடிக்கிற இடத்தில்
வெள்ளையாய்ச் சின்ன நாக்கு,
பக்கத்தில் மயிர் வைத்த காது.
அப்பாவோடு இரண்டு ஏக்கரில் களை பிடுங்குகிறவள் நான்.
எனக்குத் தெரியாதா?

சொல்லவில்லை.
சேர் அன்றைக்கும்
சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான்
அதன் ஓரமாய் நடந்தார்.

மாங்குளத்துப் பெட்டைகள் வந்த சனிக்கிழமை
நெல் கணுக்காலுக்கு மேலே.
நடுவர் குனிந்து தடவிப் பார்த்தார்.
"இது என்ன இனம், பிள்ளை?"
"ஆட்டக்காரி" என்றேன்.
"அது தெரியுது. புல்லைக் கேட்டனான்."

துஷிகா சிரிப்பை அடக்க
சப்பாத்து நாடாவை இரண்டு தரம் கட்டினாள்.

முதல் பந்துக்கு இடப்பக்கம் பாய்ந்தேன்.
ஈரமாய், மெத்தென்று,
வயல் வாசத்தோடு
ஏதோ என்னை ஏந்தியது.
நோகவில்லை. அந்த அதிசயத்தில்
எழும்பப் பிந்திவிட்டேன்.
திரும்பி வந்த பந்து உள்ளே போயிற்று.

இரண்டுக்கு ஒன்று, தோல்வி.
தலைமயிரில் வைக்கலோடு வீட்டுக்குப் போக,
"மட்சுக்குப் போனியோ, சூடடிக்கப் போனியோ?"
என்றா அம்மா.

கனடாப் புல் ஒன்றே ஒன்று
வலக் கம்பத்தடியில் நிற்கிறது.
மெல்லியது. காது இல்லை.
அதையும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.
கோணர் அடிக்கும்போது மட்டும்
ஒரு அடி தள்ளி நிற்கிறேன்.