ஏழாம் நாள், மனோரி

ஆறு நாள் படியேறுகிற மனுஷனுக்கு
ஏழாம் நாளும் நடக்கணுமாம் என்று
சந்தனமாரி அலமாரியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.
என்னிடம் சொன்னால் பதில் வந்துவிடும்.

மலாடில் மின்மீட்டர் கணக்கெடுப்பவன் நான்.
கதவுக்குப் பின்னால், செருப்பு ஸ்டாண்டுக்கு மேலே,
துருவேறிய பெட்டிக்குள் நகரும் எண்கள்.
ஒரு நாளைக்கு இருநூற்றுப் பத்து வீடு.
நாய்களுக்கு என் தோள்பையைத் தெரியும்.

மார்வே துறையில் படகு.
முதலில் பைக்குகள், பிறகு காய்கறிக் கூடைகள்,
பிறகு நான்.
பத்து நிமிடம்கூடப் பிடிக்காத கழிமுகம்.
அதற்குள் மழை மூன்று விதமாகப் பெய்துவிட்டது:
பொடியாக, சாய்வாக,
அப்புறம் கோபித்துக்கொண்டவள் வாளியைக் கவிழ்த்த மாதிரி.
குடையை மடக்கினேன்.
குடைக்கு அது நல்லது.

அக்கரையும் மும்பைதான்.
அதே மாநகராட்சி, அதே வரி.
ஆனால் சாலை மெலிந்து மெலிந்து
ஓர் ஆள் அகலமாகி
நெல்வயலுக்குள் இறங்கிப்போகிறது.

ஜூலை. கடலுக்கு யாரும் போகக் கூடாத மாதம்.
கரையேற்றிய படகுகள்
நீலத் தார்ப்பாய் போர்த்தி ஒருக்களித்துக் கிடக்கின்றன.
மீன் காயப்போடும் மூங்கில்களில்
இன்று தொங்குவது துளிகள்,
நடுவே ஒரு பள்ளிக்கூடச் சட்டை.
காய்கிற உத்தேசம் அதற்கில்லை.

பச்சை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு
இங்கே என்ன செய்வது?
நாற்றங்காலுக்கு ஒன்று,
நட்டு நாலு நாளான வயலுக்கு ஒன்று,
அலையாத்திக் காட்டுக்கு எண்ணெய் தடவின மாதிரி ஒன்று.
முச்சந்திச் சிலுவையின் பீடத்தில்
பாசிக்குக்கூடத் தனியாக வேண்டும்.

வரப்பில் ஒரு நண்டு.
அதற்கு வழிவிட்டு நான் நின்றேன்.
எனக்கு வழிவிட்டு அது நின்றது.
இரண்டு பேருக்கும் அவசரமில்லை.

ஓட்டுவீட்டு வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள்
தலை நிமிராமல் மராத்தியில் கேட்டாள்,
யார் வேணும்?

வாரம் முழுக்க எனக்குக் கிடைக்கிற கேள்வி.
பதிலும் நாக்கு நுனியிலேயே இருக்கும்.
இன்று வாயைத் திறந்தேன், மழைதான் உள்ளே போனது.

யாரும் வேண்டாம், சும்மா வந்தேன் என்றேன்.
இந்த மழையிலா?
மழைக்குத்தான்.

இப்போது நிமிர்ந்தாள்.
உச்சி முதல் பாதம் வரை பார்த்து
உள்ளே யாருக்கோ ஏதோ சொன்னாள்,
உள்ளே யாரோ சிரித்தார்கள்.
அப்போ தென்னந்தோப்புப் பக்கம் போ, என்றாள்,
அங்கே நல்லா பெய்யும்.

அவள் முதுகுக்குப் பின் சுவரில் மீட்டர் பெட்டி.
கண்ணுக்குப் பழக்கம், போய்விட்டது.
கண்ணாடியில் ஒரு நத்தை,
கடைசி இரண்டு இலக்கத்தின்மேல் உட்கார்ந்திருந்தது.
விரலால் நகர்த்திப் படிப்பது என் தொழில்.
கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னது சரி.
தோப்பில் ஒரே மழை இரண்டு தரம் பெய்கிறது.
வானம் விட்ட பிறகும்
மட்டைகள் விடாமல் சொட்டுகின்றன.
தூரத்தில் கோராய் பகோடாவின் பொன்முனை
தெரிந்தது, தெரியவில்லை, பாதி தெரிந்தது.
எவ்வளவு நேரம் நின்றேன் என்று
எந்தப் பெட்டியிலும் ஓடியிருக்காது.

திரும்பும் படகில் என்னைச் சுற்றி ஒரு குட்டை.
பக்கத்தில் நின்றவர் கூடையை நகர்த்திக்கொண்டார்.

துண்டை நீட்டினாள் சந்தனமாரி.
அப்படி என்னதான் இருக்கு அங்கே?
ஒண்ணுமில்ல. ஒரு நண்டு.

அடுப்படிக்குப் போனாள்,
குக்கர் இரண்டு விசில் அடிக்கும்வரை பேச்சில்லை.
அப்புறம் அங்கிருந்தே,
வழுக்குமோ?

வழுக்கும் என்றேன். ரொம்ப.

வெளியே வந்து
தன் செருப்பைக் கவிழ்த்து
அடிப்பாகத்தைப் பார்க்கிறாள்.